மென்படலமும் உற்பத்தியும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

இலக்கியம் பயின்ற ஒருவன் பொருட்பொறியியல் பற்றி எழுதப் புகுவது தன் எல்லையை மீறும் செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், இலக்கியத்தைச் சமுதாயத்தின் விளைபொருளாக நோக்குவோர், அச்சமுதாயம் தன் வாழ்வுக்கு வேண்டிய பொருள்களை எவ்வாறு உற்பத்தி செய்கின்றது என்னும் வினாவைப் பொறியியலாளருக்கு மட்டுமே உரியதென விட்டுவிட முடியாது. உற்பத்திச் சக்திகள், உற்பத்தி உறவுகள் என்னும் தொடர்களை நமது கட்டுரைகளில் அடிக்கடி கையாளுகின்றோம். ஆனால், புல்மோட்டைக் கரையில் அள்ளப்படும் கருமணல் எவ்வாறு தரம் பிரிக்கப்படுகின்றது, சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களை எது அரித்துத் தின்கின்றது என்று எவரேனும் கேட்பின் நம்மிற் பலர் விடைகூறத் தயங்குவோம். அத்தயக்கத்தை ஓரளவேனும் நீக்குதல் இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும்.

இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒரே இடத்தில் உள்ளது. திண்மத்தின் மேற் படிந்தோ வழிந்தோ நிற்கும் மெல்லிய திரவப் படலமே அவ்விடம். படலம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. காப்பியத்தின் உட்பிரிவையும் கண்ணை மறைக்கும் மெல்லிய திரையையும் அச்சொல்லாலேயே குறித்து வந்தோம். இக்கட்டுரையிற் சில மில்லிமீற்றர் தொடக்கம் சில மூலக்கூறுகள் வரையான தடிப்புடைய திரவப் பரப்பு மென்படலம் எனப்படும். திருகோணமலைத் துறைமுகத்தையும் அதன் வடகரையையும் சார்ந்த தொழில்களில் இப்படலம் மூன்று வடிவங்களில் தொழிற்படுகின்றது: மணலைப் பிரிக்கும் நீரோட்டமாக, இரும்பை அழிக்கும் ஈரமாக, அவ்விரும்பைக் காக்கும் வண்ணப் பூச்சாக. இம்மூன்றையும் இணைத்து நோக்கும்போது இயற்கை விதிகள் மட்டுமன்றி, அவ்விதிகளின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பதும் புலனாகும். அதனைக் காட்டுதல் இரண்டாவது நோக்கம்.

2. மென்மை விளைக்கும் மாற்றம்

ஒரு லீற்றர் நீர் குடத்தில் இருக்கும்போது அதன் நடத்தையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் நிறையே. அதே நீரை ஒரு மைக்கிரோமீற்றர் தடிப்பில், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில், விரிப்போமாயின் அது 1,000 சதுரமீற்றர் பரப்பை மூடும். அந்நிலையில் நீரின் ஒவ்வொரு பகுதியும் ஒருபுறம் திண்மத்துக்கும் மறுபுறம் காற்றுக்கும் மிக அண்மையில் உள்ளது. நிறையின் ஆதிக்கம் குன்றுகின்றது. பரப்பிழுவிசை, பாகுநிலை, திண்மத்தின் மேற்பரப்புக் கவர்ச்சி ஆகியன மேலோங்குகின்றன. அளவில் நேர்ந்த மாற்றம் பண்பில் மாற்றத்தைத் தோற்றுவிக்கின்றது.

சாய்தளமொன்றில் வழியும் நீர்ப்படலத்தை எடுத்துக்கொள்வோம். தளத்தைத் தொட்டு நிற்கும் நீர் அசையாது நிற்கும். மேலே செல்லச் செல்ல வேகம் கூடும். சீரான ஓட்டத்தில், படலத்தின் தடிப்பு இருமடங்காயின் மேற்பரப்பின் வேகம் நான்கு மடங்காகும். வழிந்து செல்லும் நீரின் அளவோ எட்டு மடங்காகும். ஆகவே படலத்தின் தடிப்பில் நேரும் சிறு மாறுபாடு அதன் செயலிற் பெருமாறுபாடாக வெளிப்படும். பின்னர் கூறப்படுவன பலவற்றுக்கு இவ்வுண்மை அடிப்படையாகும்.

3. புல்மோட்டை மணலும் நீர்ப்படலமும்

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தொலைவில் புல்மோட்டை அமைந்துள்ளது. அதன் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் முதலிய பாரக் கனியங்கள் மிகச் செறிவாக உள்ளன. மொனசைற்று சிறிதளவு காணப்படுகின்றது. மணலுக்குக் கருமை தருவது இல்மனைற்று. இம்மணலை அகழ்ந்து பிரிப்பதற்காக இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957 இல் நிறுவப்பட்டது. பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்த ஆண்டும் அதுவே. பேரரசு வெளியேறிய ஆண்டில் அரசுத்துறை உற்பத்தி நிறுவனமொன்று இம்மாவட்டத்திற்கென உருப்பெற்றமை வெறும் தற்செயலாயினும் மனங்கொள்ளத்தக்கது.

இம்மணலை முதலிற் பிரித்தது ஆலையன்று, கடலே. வாடைக்காற்றுக் காலத்து அலை கரையேறி மீளும்போது கடைசியில் எஞ்சுவது ஒரு மெல்லிய நீர்ப்படலம். அப்படலம் இலேசான படிகமணல் துணிக்கைகளைத் தன்னுடன் கடலுக்கு இழுத்துச் செல்ல, பாரமானவை கரையில் தங்குகின்றன. எண்ணற்ற ஆண்டுகளாக நிகழ்ந்த இச்செயலின் திரட்சியே அக்கருங்கரை.

இதே முறையை நமது பெண்கள் அடுக்களையிற் கையாண்டு வந்துள்ளனர். அரிசியிற் கல் நீக்க உதவும் அரிக்கன்சட்டியை அறியாதார் நம்மிற் சிலரே. உட்புறத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் கீறப்பட்ட மட்சட்டி அது. அரிசியை நீருடன் இட்டு அசைத்துச் சரிக்கும்போது அரிசி நீரோடு வழிந்து மறுகலத்தை அடைய, கற்கள் அடியிலுள்ள வரிகளிற் சிக்கி நிற்கும். அடிப்பகுதி நீர் மெல்லவும் மேற்பகுதி நீர் விரைந்தும் செல்லும் என்ற விதியை எழுத்தில் வடிக்காமலே உழைப்பின்வழி கைக்கொண்டதன் விளைவு இக்கருவி. கனியவியல் ஆலைகளில் உள்ள வரிப்பலகை மேசை இதன் இயந்திர வடிவம் எனின் மிகையாகாது.

கடற்கரை மணலாலைகளிற் பெருவழக்காயுள்ள மற்றொரு கருவி சுருளோடை ஆகும். ஐரா ஹம்ப்ரீஸ் என்பவர் அமைத்த இக்கருவி, 1943 இல் அமெரிக்காவின் ஒறிகன் கடற்கரை மணலிலிருந்து குரோமைற்றுப் பிரிப்பதற்கு முதன்முதலில் தொழின்முறையிற் பயன்படுத்தப்பட்டது. போர்க்காலத்தின் உலோகத் தேவையே அதற்கு உந்துதல். சுருள்படிக்கட்டுப்போற் கீழ்நோக்கி வளைந்து செல்லும் ஓடையில் மணலும் நீரும் கலந்த குழம்பு விடப்படுகின்றது. நீர் மெல்லிய படலமாகப் பரந்து வழியும்போது சுழற்சியின் காரணமாக மேற்பகுதி நீர் வெளிவிளிம்பை நோக்கித் தள்ளப்படுகின்றது. அதனை ஈடுசெய்ய அடிப்பகுதி நீர் உள்விளிம்பை நோக்கி மெல்ல நகர்கின்றது. பாரமான துணிக்கைகள் அடியிற் படிந்து உள்விளிம்பையும், இலேசானவை மேலே மிதந்து வெளிவிளிம்பையும் அடைகின்றன. அசையும் உறுப்பு ஒன்றேனும் இன்றி, நீர்ப்படலத்தின் அமைப்பே பிரிப்பு வேலையைச் செய்துவிடுகின்றது.

நீர் ஏன் வேண்டும்? படிகமணலின் அடர்த்தி நீரினதைப்போல் 2.65 மடங்கு, இல்மனைற்றினது ஏறத்தாழ 4.7 மடங்கு. காற்றில் இவற்றின் விகிதம் 1.8 அளவினதே. நீரில் அமிழ்ந்தபோது இரண்டும் நீரின் மிதப்பால் ஒவ்வோர் அலகை இழக்கின்றன, எஞ்சுவன 1.65 உம் 3.7 உம் ஆகும். விகிதம் 2.2 ஆக உயர்கின்றது. நீர் இலேசானதை மேலும் இலேசாக்கி வேறுபாட்டைப் பெருக்குகின்றது. ஆனால் நீரை அளவறிந்து விடவேண்டும். படலம் தடித்தால் பாரமானவையும் அடித்துச் செல்லப்படும். மெலிந்தால் இலேசானவையும் படிந்துவிடும். ஓடையின் நிறக்கோடுகளை நோக்கி நீர்வாயிலைத் திருத்தும் தொழிலாளியின் கண் இவ்விடத்தில் அளவுகருவியாகின்றது.

இனி, உரூற்றைலின் அடர்த்தி ஏறத்தாழ 4.2, சேர்க்கனது 4.6. இவ்வளவு நெருங்கியவற்றை நீர்ப்படலம் பிரிக்கவல்லதன்று. எனவே மணலை உலர்த்தி வேறு பண்புகளை நாடவேண்டியுள்ளது. இல்மனைற்றைக் காந்தம் கவரும். உரூற்றைல் மின்னைக் கடத்தும், சேர்க்கன் கடத்தாது. உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றப்பட்ட துணிக்கைகள் சுழலும் உருளைமீது விழும்போது, உரூற்றைல் தன் மின்னேற்றத்தை உடன் இழந்து எறியப்படும். சேர்க்கன் உருளையை ஒட்டிக்கொண்டு சென்று பின்னரே விழும்.

இங்குதான் மென்படலம் நண்பன் நிலையிலிருந்து பகைவன் நிலைக்கு மாறுகின்றது. மணலை எத்துணை வடித்தாலும் துணிக்கைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் நீர் பாலம்போல் நின்றுவிடும். பரப்பிழுவிசை அதனைப் பற்றி வைத்திருப்பதால் வடித்தல் பயன்தராது, வெப்பம் வேண்டும். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோயூல் சத்தி செலவாகும். எரிபொருளை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது சிறு செலவன்று. பாலங்கள் நீங்கிய பின்னும் ஈரக்காற்றிலிருந்து சில மூலக்கூற்றுத் தடிப்பான நீர்ப்படலம் துணிக்கைமேற் படியும். கடலுப்பும் சேர்ந்திருப்பின் அப்படலம் மின்னைக் கடத்தும். சேர்க்கன் உரூற்றைல்போல் நடிக்கத் தொடங்கும், பிரிப்புக் கெடும். ஆகவேதான் இத்தகைய ஆலைகளில் மணலை நன்னீரிற் கழுவி உப்பகற்றுவதும், சூடாக இருக்கும்போதே மின்முறைக்கு உட்படுத்துவதும் இன்றியமையாதன. முதற்கட்டத்தில் உற்பத்தியின் கருவியாக இருந்தது இறுதிக்கட்டத்தில் உற்பத்தியின் தடையாக நிற்கின்றது.

4. சீனன்குடாவின் இரும்பும் ஈரப்படலமும்

உப்பும் ஈரமும் சேர்ந்த இப்படலத்தின் முழு வலிமையையும் காணவேண்டுமாயின் துறைமுகத்தின் உட்புறமாகச் சீனன்குடாவுக்குச் செல்லவேண்டும். இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் எரிபொருட் தேவைக்காக அங்கு பாரிய எண்ணெய்க் குதத் தொகுதியொன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு குதமும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு குதம் எரிந்தழிந்தது. எஞ்சிய 99 குதங்களிற் பெரும்பாலானவை பல பதின்ம ஆண்டுகள் பயனின்றிக் காட்டினுள் நின்றன. குண்டு அழித்தது ஒன்றை. மற்றவற்றைத் தின்றுகொண்டிருந்தது கண்ணுக்குப் புலப்படாத ஈரப்படலம்.

இரும்பு துருப்பிடிக்க மழை பெய்யவேண்டுமென்பது பொதுவான எண்ணம். 1920களிலும் 1930களிலும் வேணன் என்னும் ஆங்கில ஆய்வாளர் நிகழ்த்திய பரிசோதனைகள் அவ்வெண்ணம் முழுமையற்றதென நிறுவின. மாசு படிந்த காற்றில் ஈரப்பதன் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டியதும் துருவேறும் வேகம் திடீரென உயர்வதை அவர் கண்டார். ஒரு துளியேனும் கண்ணுக்குத் தெரியாதபோதும் இரும்பின்மீது நீர்ப்படலம் தோன்றிவிடுகின்றது. கடற்கரையில் நிலைமை இன்னும் கடுமையானது. சாதாரண உப்பு ஏறத்தாழ 75 சதவீத ஈரப்பதனில் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடலுப்பில் உள்ள மகனீசியங் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும். எனவே துறைமுகக் காற்றில் உப்புத் தூள் படிந்த இரும்பு, வெயில் எரிக்கும் நாட்களிலும் முற்றாக உலர்வதில்லை எனலாம்.

அப்படலத்துள் நிகழ்வது யாது? இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் இலத்திரன்களை விட்டுக் கரைகின்றன, அது அனோட்டு. பிறிதோரிடத்தில் காற்றிலிருந்து கரைந்து வந்த ஒட்சிசன் அவ்விலத்திரன்களை ஏற்கின்றது, அது கதோட்டு. இரண்டையும் இணைத்து மின்சுற்றை நிறைவு செய்வது உப்புநீர்ப் படலம். கேம்பிரிட்ஜிற் பணியாற்றிய இவான்ஸ் என்பவர் உப்புநீர்த் துளியொன்றை இரும்புத் தகட்டில் இட்டு இதனைக் காட்டினார். துளியின் விளிம்பில் நீர் மெல்லிதாதலின் ஒட்சிசன் எளிதிற் சேர்கின்றது. நடுவில் அது அரிதாகின்றது. ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதியே கரைகின்றது. இரண்டுக்கும் இடையில் துரு வளையமாகப் படிகின்றது. ஒரே துளிக்குள் இரு எதிர்நிலைகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன.

சோவியத்து அறிஞர் தொமாசொவ் படலத்தின் தடிப்பையும் துருவேறும் வேகத்தையும் தொடர்புபடுத்தி வகுத்த விளக்கம் இத்துறையிற் புகழ்பெற்றது. படலம் 10 நனோமீற்றருக்குக் குறைவாயின் மின்சுற்று நிறைவுறாது. துருவும் மிகக் குறைவு. அதற்குமேல் தடிப்புக் கூடக்கூட வேகமும் கூடி, ஒரு மைக்கிரோமீற்றரை அண்மித்த நிலையில் உச்சத்தை அடைகின்றது. அதன்பின் படலம் தடிக்கும்தோறும் ஒட்சிசன் இரும்பை அடையக் கடக்கவேண்டிய தூரம் நீளுவதால் வேகம் குறைகின்றது. ஒரு மில்லிமீற்றரைத் தாண்டினால் இரும்பு நீரில் மூழ்கியிருப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. எனவே, மாலையில் நனைந்து காலையில் உலர்ந்து, மீண்டும் நனையும் தகடு, அடிக்கடி அந்த ஆபத்தான தடிப்பினூடாகச் செல்கின்றது. கடலின் அடியில் எப்போதும் மூழ்கிக் கிடக்கும் நங்கூரத்தைவிட அலையின் சிதறல் படும் இறங்குதுறை இரும்பு விரைவில் அழிவதன் காரணம் இதுவே.

அளவுமாற்றம் பண்புமாற்றமாதலை எங்கெல்சு இயற்கையின் இயங்கியலில் எடுத்துக்காட்டியதை அறிந்தோருக்கு இவ்விளக்கம் கவர்ச்சியானதாக இருக்கும். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இயங்கியலை மனனஞ்செய்தவன் தொமாசொவின் வளைகோட்டை ஊகித்திருக்க முடியாது. ஆய்வுகூடத்தில் பொறுமையுடன் அளந்தமையாலேயே அது கிடைத்தது. கோட்பாடு அளவீட்டுக்கு மாற்றாகாது. அளவீட்டின் பொருளை விளங்கிக்கொள்ளவே அது துணை புரியும். நமது திறனாய்வுத் துறைக்கும் இது பொருந்தும்.

5. வண்ணப் பூச்சு என்னும் மூன்றாம் படலம்

ஈரப்படலத்தை எதிர்த்து நிற்கவல்லது இன்னொரு படலமே. இரும்பின்மேற் பூசப்படும் வண்ணப் பூச்சு திரவமாகப் பரந்து, பின் திண்மமாக இறுகும் ஒரு மென்படலம். ஈரநிலையில் அதன் தடிப்பு ஏறத்தாழ 100 மைக்கிரோமீற்றர். உலர்ந்தபின் அதிற் பாதியளவே எஞ்சும்.

பூசுபவர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒரு முரண்பாடாகும். தூரிகை விட்டுச்செல்லும் வரிகளைப் பரப்பிழுவிசை சமன்செய்கின்றது. படலம் தடித்தால் அச்சமன்பாடு மிக விரைவில் நிகழும். ஆனால் செங்குத்தான சுவரில் தடித்த படலம் தன் நிறையாலே வழிந்து தொங்கும். மெலிந்தால் வழியாது, வரிகளும் மறையா. இம்முரண்பாட்டுக்கு இரசாயனவியல் கண்ட தீர்வு, தூரிகையின் உராய்வில் இளகி, உராய்வு நின்றதும் மீண்டும் தடிக்கும் பூச்சு. தொழிலாளி கண்ட தீர்வோ அதற்கு மிக முந்தியது: ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசாது, உலரவிட்டு இருமுறையோ மும்முறையோ பூசுதல்.

மற்றொரு செய்தியும் குறிக்கத்தக்கது. கூரிய விளிம்புகளிலும் ஆணித் தலைகளிலும் பரப்பிழுவிசை ஈரப் பூச்சைப் பின்னிழுத்து அவ்விடத்தில் மெலியச் செய்யும். துரு முதலில் விளிம்பிலே தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். தேர்ந்த பூச்சுத் தொழிலாளர் விளிம்புகளுக்குத் தனியாக ஒரு பூச்சு இட்ட பின்னரே முழுப்பரப்பையும் பூசுவர். உப்பு நீங்கக் கழுவாது பூசினால், பூச்சினூடாக நீர் மெல்ல ஊடுருவி உப்பை அடைந்து கொப்புளங்களைத் தோற்றுவிக்கும். புல்மோட்டையில் மணலைக் கெடுத்த அதே உப்பு இங்கு பூச்சைக் கெடுக்கின்றது. துறைமுகத் தொழிலாளி துருச் சுரண்டிக் கழுவும் வேலை கடைநிலை வேலையாகக் கருதப்பட்டு வந்துள்ளது. ஆனால் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சாயினும் அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது அவ்வேலையே.

படலத்தின் தடிப்பைக் கணித்தறியும் முயற்சியில் லண்டாவு, லெவிச் என்னும் சோவியத்துப் பௌதிகவியலாளர் இருவர் 1942 இல் வெளியிட்ட ஆய்வு ஒரு திருப்புமுனை. திரவத்துள் அமிழ்த்திய தகட்டை மேலே இழுக்கும்போது அதனுடன் ஒட்டிவரும் படலத்தின் தடிப்பு, இழுக்கும் வேகத்துக்கேற்ப எவ்வாறு மாறுமென அவர்கள் காட்டினர். வேகம் எட்டு மடங்காயின் தடிப்பு நான்கு மடங்காகும். கம்பிகளுக்குப் பூச்சிடுதல், ஒளிப்படச் சுருளிற் பசையிடுதல் போன்ற, அமிழ்த்தி இழுக்கும் தொழில்கள் பலவற்றை விளங்கிக்கொள்ள இவ்விதி வழிவகுத்தது. திருகோணமலைக் குதம் எரிந்த அதே ஆண்டில், போரின் நடுவிலும் இத்தகைய ஆய்வு நிகழ்ந்தது என்பது அறிவியல் வரலாற்றின் வியப்புகளில் ஒன்று.

இனி நமது பொருளின் மையத்தை அடைகின்றோம். பூச்சுக்கு வெண்மையும் மறைக்கும் ஆற்றலும் தருவது தைத்தேனியமீரொட்சைட்டு. உரூற்றைல் வடிவில் அதன் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 2.7, அதனைச் சூழும் எண்ணெயினதோ 1.5. இவ்வேறுபாட்டினால் ஒளி சிதறுகின்றது. துணிக்கை 0.2 முதல் 0.3 மைக்கிரோமீற்றர் வரை இருப்பின் சிதறல் மிகும். மெல்லிய படலமும் அடியிலுள்ளதை முற்றாக மறைக்கும். இவ்வெண்ணிறப்பொருள் இல்மனைற்றிலிருந்தும் உரூற்றைலிலிருந்தும் பெறப்படுகின்றது. உலகில் அகழப்படும் தைத்தேனியக் கனியங்களின் மிகப் பெரும்பகுதி உலோகமாக மாறுவதில்லை, வெண்மையாகவே மாறுகின்றது.

ஆகவே புல்மோட்டையின் கருமணலில் உறைந்திருப்பது வெண்மை. அதனை வெளிக்கொணரும் இரசாயனத் தொழில் 1916 அளவில் நோர்வேயிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் தொடங்கியது. புல்மோட்டை இல்மனைற்றோ பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி வந்துள்ளது. மணலைத் தொன்கணக்கில் விற்று, அதே கனிய வகையிலிருந்து பெறப்படும் வெண்ணிறப்பொருளைக் கிலோக்கணக்கில் வாங்கும் நிலை இது. மணற் பிரிப்புக்கும் பூச்சுக்கும் இடையிலுள்ள கட்டம் நமது கைக்கு அப்பால் நிகழ்கின்றது. கூடிய பெறுமதி சேர்க்கப்படுவதும் அக்கட்டத்திலேயே.

6. யாருடைய அறிவு, யாருக்குப் பயன்?

மேற்கூறியவற்றிலிருந்து அவசர முடிவுகளைப் பெறுதல் தவறாகும். மணலை ஏற்றுமதி செய்யாது இங்கேயே வெண்ணிறப்பொருள் ஆக்குவோம் என்று சுலோகமாகக் கூறிவிடலாம். அண்டையிலுள்ள கேரளம் அவ்வழியிற் சென்றது. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் தைத்தேனிய நிறுவனம் 1946 இல் தோன்றியது. சவறையில் குளோரைட்டு முறை ஆலை 1984 இல் இயங்கத் தொடங்கியது. அரசுத்துறையில் அமைந்த இம்முயற்சிகள் கரைமணலின் பெறுமதியைக் கரையிலேயே நிறுத்தலாம் என்பதற்குச் சான்று. ஆனால் சல்பூரிக்கமில முறையிற் பெருந்தொகையான அமிலக் கழிவு வெளியேறுமென்பதும், அது கடலையும் கடற்றொழிலையும் பாதிக்குமென்பதும் அங்கு பெற்ற பாடங்களே. புல்மோட்டைக் கரையில் கரைவலை இழுப்போரும் வாழ்கின்றனர். மணல் யாருடையது என்ற வினாவுடன், கரை யாருடையது என்ற வினாவும் எழுந்தே தீரும். அவர்களைக் கேளாது எடுக்கப்படும் தீர்மானம், அரசு எடுத்தாலும் தனியார் எடுத்தாலும், மக்கள் சார்பானது ஆகாது.

போரும் இவ்வுற்பத்தியை விட்டுவைக்கவில்லை. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிற்றி என்னும் கப்பல் தாக்கப்பட்டுப் பல உயிர்கள் பலியாயின. போர்க்காலத்தில் மணற்றொழில் முடங்கிக் கிடந்தது. கூட்டுத்தாபனமாகத் தோன்றிய நிறுவனம் 1990களில் அரசுக்குச் சொந்தமான கம்பனியாக மாற்றப்பட்டது. எண்ணெய்க் குதங்களைப் பொறுத்தவரை, 2022 சனவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 14 குதங்கள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளை நிறுவனத்திடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. கூட்டு நிறுவனத்தில் இலங்கைக்கு 51 சதவீதம், மற்றையதற்கு 49 சதவீதம். குதங்களின் உரிமை பற்றி மிகுதியாக விவாதிக்கப்பட்டது. அவற்றைத் துருவிலிருந்து மீட்கும் அறிவும் உழைப்பும் யாருடையவை என்ற வினா அவ்வளவு விவாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இவ்வினா நம்மை மொழிக்கு இட்டுச்செல்கின்றது. 1931 இல் இலண்டனில் நடைபெற்ற அறிவியல் வரலாற்று மாநாட்டில் போரிஸ் ஹெசன், நியூற்றனின் இயக்கவியலை அவரது காலத்துக் கப்பலோட்டம், சுரங்கம், போர்க்கருவி ஆகியவற்றின் தேவைகளோடு தொடர்புபடுத்தி விளக்கினார். அறிவியல் தொழிலிலிருந்து பிறந்து தொழிலுக்கே மீளும் என்பது அவர் காட்டிய நெறி. நமது சூழலில் அவ்வட்டம் இடையில் அறுந்துள்ளது. இந்நாட்டில் அறிவியலைத் தமிழிற் கற்பிப்பதற்கெனக் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. பரப்பிழுவிசை, பாகுநிலை, இலத்திரன் என்பன பாடசாலை மாணவரின் நாவிற் பழகின. ஆனால் சுருளோடையில் நிறக்கோட்டைப் பார்த்து நீரைத் திருத்துபவரின் அறிவும், விளிம்புக்குத் தனிப்பூச்சிடுபவரின் அறிவும் அச்சொற்களைச் சந்திக்கவில்லை. பாடநூலின் பாகுநிலை ஒருபுறம் நிற்க, தொழிலாளியின் கைப்பாகம் மறுபுறம் நிற்கின்றது.

இக்குறையில் இலக்கியத் துறையினராகிய நமக்கும் பங்குண்டு. கரைவலைப் பாடல்களைத் தொகுத்தோம். அது வேண்டிய பணியே. ஆனால் மணலாலையிலும் துறைமுகத்திலும் உழைப்போர் தம் கருவிகளுக்கும் செயல்களுக்கும் வழங்கும் சொற்களை முறையாகத் தொகுத்தோமா? உழைப்பாளி பாடும்போது மட்டும் அவனிடம் செவிகொடுத்து, அவன் வேலை செய்யும் முறையை விளக்கும்போது எழுந்து சென்றுவிட்டோம் என்று கூறின் அது கடுமையான கூற்றாயினும் பொய்யாகாது.

ஆனந்த குமாரசுவாமியை இவ்விடத்தில் நினைவுகூரலாம். கலைத்திறனாய்வாளராக உலகறிந்த அவர், இந்நாட்டுக் கனியவள அளவைத் துறையின் முதற் பணிப்பாளராகத் தம் வாழ்வைத் தொடங்கியவர். தோரியனைற்று என்னும் கனியத்தை 1904 இற் கண்டறிந்தவர். கனியத்தைத் தேடிக் கிராமங்களிற் சென்றவரே 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கைவினைஞரின் தொழின்முறையை நுணுகி நோக்கியவர் அவர். இயந்திர உற்பத்திக்கு முற்பட்ட சமுதாயத்தை அவர் இலட்சியமாக்கியதை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆலையைத் துறப்பதன்று நமது வழி. ஆயினும் கல்லையும் கலையையும் ஒருவரே கற்கலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும். பின்வந்த நாம் அவ்விரண்டையும் வெவ்வேறு பீடங்களிற் பூட்டி வைத்துள்ளோம்.

7. முடிவுரை

மணலைப் பிரிக்கும் நீரோட்டம், இரும்பை அரிக்கும் ஈரம், இரும்பைக் காக்கும் பூச்சு ஆகிய மூன்றும் ஒரே இயற்கை விதிகளுக்கு அமைவன. பரப்பிழுவிசைக்கு வர்க்கமில்லை, இனமுமில்லை. ஆனால் அவ்விதிகளைக் கையாளும் ஆற்றல் எங்கு குவிந்துள்ளது என்பது வரலாற்றால் தீர்மானிக்கப்படுகின்றது. மணலும் உழைப்பும் இங்கிருக்க, அம்மணலை வெண்மையாக்கும் அறிவும் ஆலையும் வேறெங்கோ இருக்கும் நிலையை இயற்கை வகுக்கவில்லை, மனிதர் வகுத்தனர். மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றவும் முடியும்.

அம்மாற்றத்தைத் தனியே ஓர் ஆய்வேடோ தமிழ்ச் சங்கமோ நிகழ்த்திவிடாது. எனினும் நமது பங்கிற்குச் செய்யத்தக்க பணியொன்று உண்டு. புல்மோட்டையிலும் சீனன்குடாவிலும் உழைத்து ஓய்வுபெற்ற தொழிலாளர் பலர், தமிழரும் முசிலிம்களும் சிங்களவரும், இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் தொழிற்சொற்களையும் தொழின்முறைகளையும் கேட்டுத் தொகுத்து, பொறியியற் பீடத்தினருடன் அமர்ந்து ஒப்புநோக்கி வெளியிடுதல் சங்க உறுப்பினரால் இயலாததன்று. அரிக்கன்சட்டியை வனைந்தவரின் பெயரும் அறிவும் எழுத்தில் இல்லை. சுருளோடையை இயக்கியவரின் அறிவும் அவ்வாறே மறைந்துபோக விடலாகாது.